ராசா மண்ணுக்குள் கிடந்த நேரம்

பிள்ளைக்காம்பராவின் சாவி என் இடுப்பில் இருக்கிறவரை சேற்றுக்காலோடு ஒருத்தரும் உள்ளே வர முடியாது என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த சங்கதி. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் காலையில் என்னிடம் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகள் தவழ்கிற தரை அது. துரையே வந்தாலும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். ஒருமுறை வந்தார், கழற்றினார். பிள்ளைக்காம்பராவில் படம் காட்டப்போகிற அந்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சாக்குத் துண்டும் வைத்துக்கொண்டு, யாரை எப்படித் திட்டலாம் என்று ஆயத்தமாக நின்றேன். வந்தவர்களைப் பார்த்ததும் என் வாய் அடைத்துப்போயிற்று. படம் பார்க்க வந்த சனம் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தது. ஈரத் தலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் சுருட்டிய பாய். தப்படிக்கிற மூக்கன் மாமா வேட்டியைத் தோய்த்து உடுத்திக்கொண்டு, தப்பையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"என்னா மாமா, படம் பார்க்கவா தலைக்கு ஊத்திக்கிட்டு வர்றீங்க?" என்றேன்.

"படம்னு நீ சொல்லுற. எனக்கு இன்னைக்குக் காமன் எரியிற நாளு" என்றார். வாளித் தண்ணீரில் காலையும் கழுவிக்கொண்டார்.

மாசி பிறந்தால் எங்கள் தோட்டத்தில் பிறை பார்த்துக் காமன் கம்பம் நடுவோம். மன்மத ராசாவும் ரதியும் வேஷம் கட்டி லயத்துக்கு லயம் வந்து ஆடுவார்கள். பௌர்ணமியன்று சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து ராசாவை எரிப்பார். மூன்றாம் நாள் ரதியின் அழுகை தாங்காமல் எழுப்பிக் கொடுப்பார். எரிந்த ராசாவை எழுப்பாமல் விட்டால் தோட்டத்துக்கு ஆகாது. இந்த வருடம் காமன் நட இடமில்லை. போன கார்த்திகை மழையில் மலை பெயர்ந்து வந்தபோது, கீழ் லயத்து வரிசை வீடுகளில் பாதியோடு காமன் பொட்டலும் போய்விட்டது. இப்போது அங்கே சிவப்பு மண் மட்டும்தான் கிடக்கிறது. சனம் மாசியில் கை கால் ஓடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான், கொழும்பில் போன் கடையில் வேலை செய்கிற எங்கள் கிஷாந்த், படம் காட்டுகிற மெஷின் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு எங்கள் கொட்டகலை ஸ்டேஷனில் வந்து இறங்கினான். "ராசா படம்தான் அக்கா, தமிழ்ல பேசுவாங்க" என்று அவன் சொன்ன ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. ராசா என்று காதில் விழுந்ததும் சனம் அதைக் காமனாகவே எடுத்துக்கொண்டது.

கடைசியாக வந்தவள் ஜெயந்தினி. அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. அவள் புருஷன் சுதாகரன் தோட்டத்தில் மருந்தடிக்கிற ஆள். அந்தக் கார்த்திகைக் காலையில், லயத்துக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிறது, கான் வெட்டி வடிய விடுகிறேன் என்று மம்பட்டியோடு போனவன். மலை வந்தது. ஆமிக்காரர்கள் வந்து தோண்டினார்கள். வேறு இரண்டு பேர் கிடைத்தார்கள், சுதாகரன் கிடைக்கவில்லை. மஸ்கெலியாவில் இருக்கிற அவள் மாமியார் காரியம் செய்துவிடலாம், மகன் ஆத்துமா அலையக்கூடாது என்று கேட்டுக்கேட்டுக் களைத்துவிட்டாள். "ஆளைக் காட்டுங்க, பிறகு செய்வோம்" என்பதுதான் இவள் பதில். பூவும் பொட்டும் அப்படியே இருந்தன. எங்கள் தோட்டத்தில் குலவை போட அவளை விட்டால் ஆளில்லை. கல்யாணமோ காமனோ, அவள் நாக்கு சுழன்றால் அடுத்த மலைக்குக் கேட்கும். கார்த்திகைக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்கவில்லை. அவள் மகள் தர்ஷனா பகலெல்லாம் என்னிடம்தான் இருக்கும். அப்பா எப்போது வருவார் என்று அது கேட்கும்போதெல்லாம் நான் பிஸ்கட் டப்பாவைத் திறப்பேன். வேறென்ன செய்ய, எனக்கும் தெரியாதே. அன்று தாயும் மகளும் வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்கள். ஒருத்தரும் அவளைப் பார்க்காத மாதிரி எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

சன்னல்களில் கம்பளி கட்டி, சுவரில் என் வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டு, கிஷாந்த் படத்தைப் போட்டான். அதன் பேர் என் வாயில் நுழையவில்லை. ஆப்பிரிக்காவில் ஒரு மலை. மலையைச் சுற்றி எந்நேரமும் பனிமூட்டம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஏழை எளியவர்கள் ஆடு மேய்க்கிற காடு மாதிரி இருக்கும். அந்த மூட்டத்தைக் கடந்து உள்ளே போனால், ஐயோ, அதை நான் என்னவென்று சொல்வேன். மலையையே குடைந்து அரண்மனை. வானத்தில் ஓடுகிற தேர். தங்கத்தையும் இரும்பையும் கலந்து நெய்த சட்டை போட்ட பெண்கள் ஈட்டியோடு காவல் நிற்கிறார்கள். அத்தனை பேரும் கறுப்பு. எங்களை விடக் கறுப்பு. நான் பார்த்த படங்களில் எங்கள் நிறத்து ஆளெல்லாம் அடிவாங்குகிறவனாகவோ சிரிப்புக்காரனாகவோ வருவான். இங்கே ராசா கறுப்பு, ராசமாதா கறுப்பு, வைத்தியம் பார்க்கிறவளும் தேர் செய்கிறவளும் கறுப்பு. ஒருத்தர் முகத்திலும் பவுடர் இல்லை. என் பக்கத்தில் இருந்த பெண் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். நான் அதட்டவில்லை. என் கையையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த ராசாவின் பலம் மண்ணில் இருந்தது. பிறந்த அன்றே தாய் அவன் நாக்கில் ஒரு சிட்டிகை மண் வைக்கிறாள். வளர்ந்தபின் அவன் தரையில் காதை வைத்தால், செத்துப்போன ராசாக்கள் அத்தனை பேரும் உள்ளே நடக்கிற காலடி கேட்கும். கேட்டதும் உடம்பு முறுக்கேறி, முகமூடியை மாட்டிக்கொண்டு பாறைக்குப் பாறை தாவுவான். தாவும்போதெல்லாம் மூக்கன் மாமா தப்பில் ஒரு தட்டுத் தட்டினார். படத்துக்குள் அடிக்கிற முரசும் இவர் தப்பும் எங்கேயோ சேர்ந்துகொண்டன. நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படியொன்றை மனுசன் யோசித்து உண்டாக்கியிருக்கிறானே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பாதிப் படத்தில் எதிராளி வந்தான். கெட்டவன் என்றுதான் முதலில் நினைத்தோம். அவனும் அந்த ராசவம்சம்தான். அவன் பூட்டனைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக் கடலுக்கு அந்தப் பக்கம் வேலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கேயே பிறந்து, அடிபட்டு, வளர்ந்து, இப்போது பங்கு கேட்க வந்திருக்கிறான். சபை நடுவில் நின்று, எங்களை ஏத்திக்கொண்டு போனப்போ உங்க மலை ஏன் கதவைத் தொறக்கல என்று கேட்டான். எங்கள் பூட்டன்மாரும் அப்படிக் கப்பலேறி வந்து இறங்கியவர்கள்தான். பின்வரிசையில் யாரோ, "நம்ம ஆளு" என்றார்கள். அதன்பிறகு யாருக்கு ஜெயம் வேண்டும் என்று எங்களுக்கே தெரியவில்லை. ராசாவும் வேண்டும், அவனும் வேண்டும். அவனும் குனிந்து தரையில் காதை வைத்தான். அவனுக்கும் அந்தக் காலடி கேட்டது.

இரண்டு பேரும் மலை விளிம்பில் மோதினார்கள். மழை பெய்தது. முகமூடி கழன்று விழுந்தது. ராசாவின் காலுக்கடியில் மலை வெடித்து, மரமும் பாறையுமாகச் சரிந்து, அவனையும் இழுத்துக்கொண்டு போய் மூடியது. எங்கள் மலை சரிந்த அதே விதம். அதே சிவப்பு மண். கிஷாந்த் சட்டென்று எழுந்து நின்றுவிட்டான். அவன் இந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்தவன். எந்தக் காட்சி வருகிறது என்று அவனுக்கு நினைவிருந்திருக்க வேண்டும். ஆனால் அதை எங்கள் தோட்டத்தில், எங்கள் நடுவில் வைத்துப் பார்க்கப்போகிறோம் என்று அந்த மடையனுக்கு அதுவரை உறைக்கவில்லை. அவன் கை மெஷினுக்குப் போவதற்குள் கரண்ட் போய்விட்டது.

சன்னல் கம்பளிகளை அவிழ்த்தோம். வெளியே மழை பிடித்திருந்தது. படம் இருந்த லேப்டாப்பின் பேட்டரி செத்துப்போய் நாளாகிறது, கரண்ட் இல்லாமல் ஓடாது என்றான் கிஷாந்த். வேறு நாளாயிருந்தால் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கும். அன்று ஒருத்தரும் அசையவில்லை. ராசாவை மண்ணுக்குள் போட்டுவிட்டு எப்படி வீட்டுக்குப் போவது? காமனை எரித்துவிட்டு எழுப்பாமல் யாராவது போவார்களா?

"தம்பி, நீ பார்த்தவன்தானே. ராசா இருக்காரா, போயிட்டாரா? சொல்லு" என்று ஒருத்தி கேட்டாள்.

"கரண்ட் வரட்டும் அக்கா" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

"அவன்கிட்ட என்னா கேள்வி? கூத்துல முடிவை முன்னாடியே கேக்குறது உண்டா?" என்று மூக்கன் மாமா எழுந்தார். "கட்சி கட்டுவோம். நான் எரிந்த கட்சி. எரியாத கட்சிக்கு யாரு வர்றீங்க?"

காமன் காலத்தில் அது வழக்கம். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவேயில்லை என்று ஒரு கட்சி. பாட்டும் பேச்சுமாக விடிய விடிய வாதாடுவார்கள். சனத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆளாளுக்குப் பக்கம் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். மூக்கன் மாமா தப்பை ஒரு தட்டுத் தட்டி ஆரம்பித்தார்.

"ராசா செத்தாச்சு. ஆரம்பத்துலயே ராசமாதா வெளக்கு ஏத்துறப்போ காத்து வந்து ஒரு வெளக்க அணைச்சுது பாத்தீங்களா? சும்மாவா அதைக் காட்டுவான்? முகமூடி வேற மேலயே விழுந்து கிடக்கு. அதையெல்லாம் விடுங்க. மண்ணுக்குள்ள போன ஆளு திரும்பி வந்ததா எங்கயாச்சும்..."

சொல்லும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. வாய் திறந்தபடி நின்றுபோனார். தப்பு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. நான் சுவரோரம் பார்த்தேன். ஜெயந்தினி மகளின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். கோதுகிற கை நிற்கவில்லை. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நான் எழுந்துவிட்டேன். வாழ்க்கையில் கட்சி கட்டிப் பேசியவள் இல்லை. "ஏன் மாமா, கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்றேன். "பொறந்த பிள்ளை நாக்குல அவன் அம்மா என்னாத்த வச்சா? தேனா வச்சா? மண்ணைத்தானே வச்சா. அந்த மண்ணு குடுத்த பலம்தானே அவனுக்கு எல்லாம். பெத்தவ மடியில போய் விழுந்த பிள்ளைய மடி கொல்லுமா? நீங்க தப்படிக்கிற ஆளு, உங்களுக்கு நான் சொல்லணுமா. ராசா செத்தா முரசு நிக்கும்னு படத்துலயே அந்த முரசடிக்கிற மனுசன் சொன்னாரா இல்லையா? மலை சரியிறப்பவும் முரசு கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. கரண்டுதான் நின்னுச்சு, முரசு நிக்கல."

எங்கிருந்து வந்ததோ அந்தப் பேச்சு. பேசப்பேச எனக்கே அது உண்மையாகிவிட்டது. "அதானே" என்றது சனம். எரிந்த கட்சியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பாயை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்கள். வருகிறவர்கள் ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை, ஜெயந்தினியைத்தான் பார்த்தார்கள். அவளுக்காகத்தான் ராசாவை உயிரோடு வைத்திருந்தோம். மூக்கன் மாமாவும், "சரிதான், நான் தோத்தேன், ராசா இருக்காரு" என்று தப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பக்கம் வெறுந்தரை.

அப்போது ஜெயந்தினி எழுந்து, மகளை முன்வரிசைப் பிள்ளைகளோடு உட்காரவைத்தாள். நடுவே நடந்து போய் மூக்கன் மாமா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க தோக்காதீங்க. எரிந்த கட்சிக்கு நான் இருக்கேன்."

அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். குரல் உடையவில்லை.

"நீங்க சொன்ன சாட்சியெல்லாம் நல்லாதான் இருக்குக்கா. நானும் தெனமும் இந்த மாதிரிதான் எனக்கே சாட்சி சொல்லிக்குவேன். மண்ணு தெரிஞ்ச ஆளு, மேல் ரோட்டுக்கு ஏறியிருப்பாரு, தலையில அடிபட்டு எந்த ஆஸ்பத்திரியிலயோ பேரு தெரியாம இருப்பாருன்னு. ஆனா நான் பாத்தேன்க்கா. அன்னைக்குக் குசினி வாசல்ல தேத்தண்ணியோட நின்னேன். மம்பட்டிய எறிஞ்சுட்டு என் பக்கம் திரும்புனாரு. போன்னு கைய ஆட்டுனாரு. பிறகு அந்த இடத்துல அவரு இல்ல. மண்ணுதான் இருந்துச்சு. யாருகிட்டயும் நான் சொல்லல. சொன்னா அது நடந்ததா ஆயிரும்னு."

யாரோ விசும்பினார்கள். இத்தனை மாதம் அந்தக் காட்சியைத் தனியாகச் சுமந்துகொண்டா இவள் காலையில் என்னிடம் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போனாள்? கொழுந்து எடுத்தாள், கொண்டுவந்து தராசில் நிறுத்தாள், என்னிடம் சீனி இரவல் கேட்டாள்? அரண்மனையைக் கண்டு வாய்பிளந்த எனக்கு, அவளைப் பார்க்கும்போது அந்த அரண்மனை ஒன்றுமேயில்லை என்று தோன்றியது.

"வர்ற ஞாயித்துக்கிழம காரியத்த வச்சுக்குவோம்" என்றாள். "மஸ்கெலியாவுக்கு நீங்க போன் போட்டுச் சொல்லுங்கக்கா. நான் சொன்னா மாமி தாங்கமாட்டாங்க."

சரி என்று தலையாட்டினேன். மூக்கன் மாமா தன் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தவளும் அவள்தான்.

கரண்ட் வந்தது. லைட் எரிந்தது, மெஷின் உறுமியது. கிஷாந்த் லேப்டாப்பை உயிர்ப்பித்துப் படத்தை விட்ட இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். சுவரில் சரிந்த மலை அசையாமல் நின்றது. அவன் பொத்தானில் விரலை வைத்தான், அமுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ராசா எழும்பப்போகிறான். நான் சொன்னதுதான் சரி. ஆனால் அந்த நேரத்தில் நான் தோற்றுப்போகக்கூடாதா என்று மனதார வேண்டினேன்.

"இன்னைக்கு இது போதும் அக்கா. மிச்சத்தை இன்னொரு நாளைக்குப் பார்ப்போம்" என்றான், என்னைப் பார்த்து.

"எழும்புவாருதானே தம்பி?" என்று ஜெயந்தினி கேட்டாள்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"எழும்பட்டும். அவுங்க ராசாவுங்க. நம்ம காமனும் வருசா வருசம் எழும்புறவருதானே. எங்க வீட்டு ஆளு மருந்தடிச்ச மனுசன்." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ராசாவ மண்ணுக்குள்ள விட்டுட்டுப் போகக்கூடாது. போடு."

சன்னல்களில் கம்பளியை மறுபடி கட்டிவிட்டு லைட்டை அணைத்தேன். கிஷாந்த் அமுக்கினான். மலை மறுபடி சரிந்து, ஓய்ந்தது. சிவப்பு மண் திரை முழுக்கக் கிடந்தது. நெடுநேரம் அப்படியே கிடந்த மாதிரி இருந்தது எனக்கு. முரசு ஒன்று, எங்கோ அடியிலிருந்து. மூக்கன் மாமாவின் தப்பு அதற்குப் பதில் சொன்னது. ராசமாதா மலையடிவாரத்தில் மண்டியிட்டு மண்ணில் காதை வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஈட்டிப் பெண்கள் மண்டியிட்டார்கள். எதிராளியும், ராசா விழுந்ததும் சூடிக்கொண்ட கிரீடத்தைக் கழற்றிவிட்டு மண்டியிட்டான். மண்ணில் ஓர் இடம் அசைந்தது. நான் திரையைப் பார்க்காமல் ஜெயந்தினியைப் பார்த்தேன். திரையின் சிவப்பு அவள் முகம் முழுக்க இருந்தது. கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவள் துடைக்கவில்லை.

மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு கறுப்புக் கை வெளியே வந்தது.

சனம் சத்தம் போடத் தயங்கியது. ஒருத்தரும் கைதட்டவில்லை. அப்போது அவள் தலையைப் பின்னால் சாய்த்து, கையை வாயருகே கொண்டுபோய், நாக்கைச் சுழற்றினாள். குலவை. முதல் சுற்றில் கொஞ்சம் பிசிறியது. இரண்டாவது சுற்றில் கூரைத் தகரம் அதிர்ந்தது. முன்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த தர்ஷனா திரையைவிட்டுத் திரும்பி, தன் தாயையே பார்த்தபடி, அந்தச் சின்ன நாக்கை வாய்க்குள் அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.